சேனல் மாற்றிய அண்ணி

அந்தப் பாட்டில் வரும் அண்ணி நான்தான். சோப்பை இரண்டாக வெட்டுகிறவள், சிரிப்பை நாலாக வெட்டுகிறவள், நெற்றியில் அம்பு ஒட்டுகிறவள், எல்லாம் நானே. பாடுகிறவள் என் வீட்டுக்காரரின் தங்கை. மேடையில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். ராப் பாடுகிற பெண்களில் இன்றைக்கு மளமளவென்று மேலே வந்துகொண்டிருப்பவள் அவள்தான் என்று படம் போட்டு எழுதுகிறார்கள். எப்படி வளர்ந்தாய், எப்படிப் பாட வந்தாய் என்று அவளைப் பேட்டி எடுத்துத் தள்ளுகிறவர்களில் ஒருவராவது வளர்த்தவளிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டதுண்டா? கேட்காவிட்டால் போகட்டும். எனக்கும் வாய் இருக்கிறது, நானே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். அது நான் வைத்தது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நான் போனபோது அவளுக்கு எட்டு வயது. தொட்டால் ஒடிகிற உடம்பு, வாயைத் திறந்தால் குத்தல். அப்பா இல்லாத பிள்ளை என்று வீட்டில் எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். எனக்கு ஆடத் தெரியாது. "ஏய் குண்டூசி, காலை மடக்கி உக்காரு" என்று முதல் வாரமே கூப்பிட்டேன். திட்டித்தான் கூப்பிட்டேன், கொஞ்சவில்லை. இப்போது அதே பெயரைச் சட்டையில் அச்சடித்து விற்கிறாள். பெயர் யார் வைத்தது என்று பேட்டியில் கேட்டதற்கு, "அது தானா வந்துச்சு" என்றாள். தானாக வந்ததாம்.

எனக்கு வேலை சட்டை தைக்கும் ஆலையில், செக்கிங் பிரிவில். பத்தொன்பது வருடமாக ஒரே மேசை. தைத்த சட்டை என் முன்னால் வந்து விழும். காலர், கைப்பட்டி, பொத்தான் துளை, பக்கத் தையல் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். தப்பு இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட முடியவில்லை, அது உண்மை. அவள் தலை வாரினாலும் தட்டு கழுவினாலும் எனக்கு அம்பு ஒட்ட ஓர் இடம் கிடைத்துவிடும்.

அவளுக்குப் பத்து வயதில் மாமியார் படுத்துவிட்டார். ஒரு பக்கம் கை கால் விழுந்து, பேச்சு குழறி, முன்னறைக் கட்டிலில் பதினாலு மாதம். பார்த்துக்கொண்டது நான். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், விடிந்தால் போய்விடுவார். பக்கத்து வீட்டு அம்மாள் பகலில் வந்து உட்கார்ந்துகொள்வார், ஆலை விட்டு வந்ததும் நான். மாமியார் போன பிறகு இவள் முழுக்க முழுக்க என் கையில் வந்து சேர்ந்தாள். இரண்டு பேருக்குமே அதில் விருப்பமில்லை.

பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கி வந்தது. கணக்கு வாத்தியார் வைத்திருந்த ஒட்டு முடியைப் பற்றி எட்டு வரி கட்டி வகுப்பில் சொல்லியிருக்கிறாள். மொத்த வகுப்பும் மேசையைத் தட்டியிருக்கிறது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாற்பது பிள்ளைகள் பார்க்க அவள் காதைத் திருகினேன். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, வாளியைத் தட்டி, என்னைப் பற்றி ஒன்று கட்டினாள். வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த நான் முழுவதையும் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

படிப்பு முடிந்ததும் எங்கள் ஆலையிலேயே பிசிறு வெட்டுகிற இடத்தில் சேர்த்துவிட்டேன். தையலின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்குகிற வேலை. கை வேலை செய்ய வாய் சும்மா இருக்குமா அவளுக்கு? மேற்பார்வையாளரின் நடையைப் பற்றிப் பாட, சுற்றியிருந்த பெண்கள் சிரித்துச் சிரித்துக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்கள். மூன்றாவது மாதம் கட்டுக் கட்டாகச் சட்டைகள் பிசிறோடு என் மேசைக்கு வந்தன. வெட்டியவள் யார் என்பதற்குக் கட்டின் மேல் எண் இருக்கும். இவள் எண். அறுநூறு சட்டைக்கும் நானே அம்பு ஒட்டினேன். மறுநாள் அவளை நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க பாக்காத மாதிரி விட்டிருக்கலாம்ல அண்ணி?" என்றாள் வாசலில்.

"எப்படிடி விடுவேன்? என் வீட்டுப் பொண்ணுன்னா நூல் தானா உள்ள போயிடுமா?"

அவள் திரும்பி நடந்தாள். பதிலை எங்கே வைத்திருந்தாள் என்று பிற்பாடு உலகத்துக்கே தெரிந்தது.

மொபைல் ரிப்பேர் கடை ஒன்றில், போனுக்கு உறை மாட்டுகிற வேலைக்குப் போனாள். கடைக்காரன் அவளைவிட நாலைந்து வயது பெரியவன். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்துப் பாட்டுக்குத் தாளம் செய்வான். பீட் என்று சொல்ல வேண்டுமாம். அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம். முதலில் போட்ட வீடியோவை நாற்பது பேர் பார்த்தார்கள். அதில் பாதி எங்கள் வீட்டிலேயே பார்த்தது. என் வீட்டுக்காரர் வேனை ஓரங்கட்டி ஓரங்கட்டிப் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் காணாமல் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் பின்னாலேயே போனேன். பாதி மூடிக்கிடந்த ஒரு வணிக வளாகத்தின் அடியில், கார் நிறுத்துகிற இடத்தில், ஐம்பது அறுபது பையன்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் இரண்டு பேர் மாற்றி மாற்றித் திட்டிக்கொள்ள வேண்டும், ஆளுக்கு ஒரு நிமிடம். எதைச் சொல்லியும் திட்டலாம், கை மட்டும் படக்கூடாது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தடியன் இவள் முகத்துக்கு நேரே வந்து, ஆலையில் துரத்தியடித்த கழுதைக்கு மைக் எதற்கு என்று ஆரம்பித்து, அவள் உடம்பில் இல்லாததையெல்லாம் எண்ணிக் காட்டினான். எனக்குச் செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது. இவள் அசையவில்லை. அவன் முடித்ததும் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"வெயில் படாத எடத்துல உனக்கு எதுக்குக் கறுப்புக் கண்ணாடி?
வெளிய வந்து நின்னு பாரு, வேர்த்துப் போவ என் முன்னாடி!"

அப்புறம் நிறுத்தாமல் ஒரு நிமிடம். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் கத்திய கத்தலில் மேலிருந்து தூசி கொட்டியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. அவ்வளவு திட்டிக்கொண்டவர்கள் கைகுலுக்கிக் கட்டிப் பிடித்து, ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள். என்னை யாராவது திட்டினால் செத்தாலும் அவர்கள் வீட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

'அண்ணி' பாட்டு அடுத்த வருடம் வந்தது. எனக்கு முதலில் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் போனைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மேசையே கூடி ஒரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் போனதும் சிரிப்பு நின்றது. வாங்கிப் பார்த்தேன்.

"சோப்பை ரெண்டா வெட்டுவா, சிரிப்பை நாலா வெட்டுவா" என்று ஆரம்பிக்கிறது. முழுச் சோப்பை ஈரத்தில் வைத்தால் கரைந்து போகும், வெட்டித்தான் வைப்பேன். "பொத்தான் போனா ஒரு அம்பு, பிசிறு வந்தா ஒரு அம்பு, நான் பொறந்ததே ஒரு வம்பு, என் நெத்தியிலயும் ஒட்டு அம்பு." அதுவும் உண்மை. காது திருகியது, ஆலையை விட்டுத் துரத்தியது, எல்லாம் வருகிறது. மூச்சு விடாமல் பதினாறு வரி. உண்மையில் அவள் மூச்சு விட்டுத்தான் பாடியிருக்கிறாள், இரண்டிரண்டு வரியாகப் பாடி கடைக்காரன் ஒட்டியிருக்கிறான், மூச்சை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு. பிசிறு வெட்டுகிற வேலையை அங்கே ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். அந்தப் பதினாறு வரி முடிந்ததும் பீட் சட்டென்று நிற்கிறது. வெறும் குரலில் ஒரே ஒரு வரி.

"அம்மா கேட்டா தண்ணி, சேனல் மாத்துனா அண்ணி."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு எத்தனை சட்டை பார்த்தேன் என்று தெரியாது. எத்தனை தப்பு கண்ணில் படாமல் போனதோ, அதுவும் தெரியாது.

மற்றதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். சிடுமூஞ்சி, கஞ்சப்பிசினாரி, ஒத்துக்கொள்கிறேன். பதினாலு மாதம் ஒரு பொம்பளைக்கு மலம் எடுத்து, முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டவளை, சாகக் கிடக்கிறவளுக்குத் தண்ணீர் கொடுக்காதவள் என்று சொன்னால்? அதையும் அறுபது லட்சம் பேர் பார்த்தால்? ஆலையில் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் நான் போனாலே எவளாவது ஒருத்தி மெதுவாக, "சேனல் மாத்துங்கப்பா" என்பாள். நான் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோக ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரர் மழுப்பினார். "பாட்டுதானே விடு. ஒருவகையில பாத்தா நம்ம குடும்பத்துக்குப் பெருமைதான்."

"பெருமையா? அப்ப உங்களப் பத்திப் பாடச் சொல்லுங்க. உங்கம்மா கட்டில் பக்கம் எத்தன தடவ வந்தீங்கன்னு அவளக் கேட்டு எழுதச் சொல்லுங்க."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதம். அவள் அதற்குள் தனியாக வீடு பிடித்துப் போயிருந்தாள், எப்போதாவது வருவாள், அண்ணனோடு பேசிவிட்டுப் போவாள். நான் அடுப்படியிலிருந்து வெளியே வரமாட்டேன். பேசினால் நானும் அவளுக்குச் சமமாகிவிடுவேன் என்று நினைத்தேன்.

என்னை எழுப்பியது பக்கத்து வீட்டு அம்மாள். மாமியாருக்குப் பகல் காவல் இருந்தாரே, அவர்தான். இப்போது அவர் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தார். அம்மாள் கடைக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். ஒருநாள் அவருடைய மகள் ஊரிலிருந்து வந்தாள், போனில் அந்தப் பாட்டோடு. மறுநாள் அம்மாள் என் வாசலில் நின்று, "அந்தச் சாவியக் குடுத்துடும்மா. உனக்கெதுக்கு வீண் சிரமம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சாவியைக் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக மொபைல் கடைக்குப் போனேன்.

பின்னறைக்குள் அப்போதுதான் முதல்முறையாகக் கால் வைத்தேன். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கக் கழிவுத் துணி அடித்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் எங்கள் ஆலையில் ஒதுக்கித் தள்ளிய சட்டைகள். நான் ஒட்டிய சிவப்பு அம்புகள் அப்படியே இருந்தன. எல்லாப் பக்கமும் என் அம்பு, நடுவில் அவள், காதில் ஹெட்போனோடு. வருகிற சனிக்கிழமை விளையாட்டு மைதானத்தில் பெரிய மேடை. பத்தாயிரம் பேர் வருவார்கள், அதற்கு ஒத்திகை.

"அந்த ஒரு வரிய எடுத்துடு" என்றேன்.

"எந்த வரி அண்ணி?"

"தெரியாத மாதிரி கேக்காத. மத்ததெல்லாம் இருக்கட்டும். அந்த ஒண்ணு போகணும்."

ஹெட்போனைக் கழற்றினாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு ஆறுதல் மாதிரி ஏதோ வந்தது.

"எட்டு மாசம் ஆச்சு அண்ணி. எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. திட்டுனா எதிராளி பதில் சொல்லணும். சொல்லலைன்னா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். நீங்க வந்து கிழி கிழின்னு கிழிப்பீங்கன்னு தெனமும் பாத்துட்டே இருந்தேன். நீங்க வரவே இல்ல."

"எனக்கு என்ன தெரியும் உங்க வழக்கம்? பொய் சொன்னவகிட்ட நான் எதுக்குப் பதில் சொல்லணும்?"

"பொய்யா? நான் பாத்தேன் அண்ணி. ஸ்கூல் விட்டு வந்து கதவுகிட்ட நிக்கிறேன். அம்மா தண்ணி தண்ணிங்கறாங்க. நீங்க கட்டில் பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்க. ரிமோட்ட எடுத்து சேனல மாத்துனீங்க. நான் பையோட அப்படியே வெளிய போயிட்டேன்."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. எதுகைக்காக இட்டுக்கட்டினாள் என்றல்லவா எட்டு மாதமும் வயிறெரிந்தேன்? இவள் நின்று பார்த்திருக்கிறாள். பத்து வருடத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்திருக்கிறாள்.

"அடியேய், அவங்களுக்குப் பச்சத் தண்ணி குடுக்கக் கூடாதுடி" என்றேன். "முழுங்க முடியாது. புரையேறி நெஞ்சுக்குள்ள போயிடும், உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பவுடர் கலந்து, கெட்டியாக்கி, நிமித்தி உக்கார வச்சு ஸ்பூன்ல குடுக்கணும். அத அவங்க துப்புவாங்க. இது தண்ணியே இல்லன்னு அழுவாங்க. அழுக நிக்கட்டும்னு டிவியில எதையாவது தேடுவேன். பனியில தத்தித் தத்தி நடக்குமே, அந்தப் பறவ வந்தா சிரிப்பாங்க. அதத்தான் தேடுவேன்."

"ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

"பத்து வயசுப் புள்ளகிட்ட என்னன்னு சொல்றது? உங்கம்மா தண்ணி குடிச்சா செத்துடுவாங்கன்னா?"

கடைக்காரன் குறுக்கே வந்தான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, அந்த வரியிலதான் பாட்டே நிக்குது. பீட்ட நிறுத்துறதே அதுக்குத்தான்."

"வாய மூடு" என்றாள் அவள். அவனிடம்தான். பிறகு என்னிடம், "வேற வரி எழுதிப் பாக்குறேன் அண்ணி. வரலைன்னா அந்த எடத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன். சனிக்கிழமை நீங்களே வந்து பாருங்க" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். நான் அழவில்லை. சரி என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கொடுத்தனுப்பிய நுழைவு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு முன்வரிசையில் நின்றேன். பக்கத்தில் ஒரு பெண், குண்டூசி என்று அச்சடித்த சட்டையோடு. பக்கத் தையல் நாலு விரற்கடை பிரிந்திருந்தது, கண் அங்கேதான் போனது. குண்டூசி மேடைக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. சின்ன உடம்பு, பெரிய மேடை. 'அண்ணி' ஆரம்பித்தது. சோப்பு, சிரிப்பு, அம்பு, காது. பதினாறு வரியையும் வெட்டாமல் ஒட்டாமல் நேராகப் பாடினாள். கடைசி இரண்டு வரிக்கு மூச்சு இல்லை, கழுத்து நரம்பு புடைத்தது, விடவில்லை. ஆயிரம் குறை சொல்வேன், அன்றைக்கு அவள் பாட்டில் அம்பு ஒட்ட எனக்கு இடமில்லை.

பீட் நின்றது. அவள் மைக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

ஒரு நொடிதான் அமைதி. அடுத்த நொடி மொத்த மைதானமும் சேர்ந்து கத்தியது. "அம்மா கேட்டா தண்ணி! சேனல் மாத்துனா அண்ணி!"

வேண்டாம் வேண்டாம் என்று அவள் கையை ஆட்டினாள். இன்னும் சத்தமாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை கத்தினார்கள். அவள் கூட்டத்தின் மேல் இருந்த கண்ணை எடுத்து, முன்வரிசையில் என்னைத் தேடினாள்.

தான் பாடாமல் மக்களைப் பாட விட்ட சாமர்த்தியத்தை மறுநாள் எல்லோரும் மெச்சி எழுதினார்கள். இப்போது போகிற மேடையெல்லாம் அந்த இடத்தில் கூட்டமே பாடுகிறது, அவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். அது இனி அவள் வரி இல்லை. எடுக்கச் சொல்லி நான் யாரிடம் போய் நிற்பது?

இன்னொன்று இருக்கிறது. அவள் என்னைத் தேடிக் கண்டுபிடித்த நேரத்தில் என் வாயும் திறந்திருந்தது. இரண்டாவது தடவை கத்தியவர்களில் நானும் ஒருத்தி. எட்டு மாதமாகக் கேட்டுக் கேட்டு நாக்கு பழகிவிட்டது என்று வீட்டுக்கு வந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடமும் அதைத்தான் சொல்வேன், அவள் கேட்டால். அவள் இன்னும் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னது, பவுடர், பறவை, எல்லாம் அன்று பின்னறையில் சொன்னேன். எல்லாம் சத்தியம். ஒரு நாளை மட்டும் சொல்லவில்லை. இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்திருந்தேன். மாமியார் தண்ணீர் கேட்டார். பவுடர் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஸ்பூனும் இருந்தது. மறுபடியும் கேட்டார். கதவுப் பக்கம் யாராவது நின்றார்களா என்று நான் பார்க்கவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. சேனலை மாற்றினேன்.